பெட்டக அறையில் பூந்தொட்டிகள்

ஒரு காலைப் பொழுதுதானே என்கிறாள். ஒரு காலைப் பொழுதுக்கு என்ன எடை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இப்போதும் நான் வாயைத் திறக்காவிட்டால் சரி என்று சொன்னதாக ஆகிவிடும். இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து நான் பேசாமல் இருந்ததையெல்லாம் அவள் சரி என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளைச் சொல்லி என்ன, நானும் அப்படித்தானே விட்டிருக்கிறேன்.

இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே சின்னவள் ஈரத் தலையணை உறை ஒன்றை ஓங்கி உதறினாள். தெறித்த தண்ணீர் எதிரே நின்ற உருளைக்காரியின் முகத்தில் போய் விழுந்தது.

"யார் மேல கோபம்? உறை மேலயா, என் மேலயா?" என்றாள் உருளைக்காரி. சலவைக்கூடத்தின் சூடான தேய்ப்பு உருளைக்குள் துணியைக் கொடுத்து மறுபக்கம் வாங்குகிறவள் அவள். அதனால் அந்தப் பெயர்.

"யார் மேலயும் இல்ல."

"நல்லது. காலையில குளிக்க நேரமில்லாம வந்தேன். நீயே குளிப்பாட்டி விட்டுட்ட."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கோபம் அப்படியேதான் இருந்தது. அது பெரியவள் மேல்.

அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். தெரு முழுக்க அவர்களை அப்படித்தான் அழைத்தது. பெரியவளுக்குப் பேச்சு வரும், நாலு பேரைக் கூட்டத் தெரியும், அதிகாரி முன்னால் கால் மேல் கால் போட்டு உட்காரவும் தெரியும். இந்தச் சலவைக்கூடமே அவள் முன்னின்று கிளப்பியதுதான். தெருவின் கோடியில் இருந்த தொழிற்சாலையை மூடியபோது ஆண்கள் எல்லோரும் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னாலேயே தெருமுனையில் இருந்த வங்கிக் கிளையையும் மூடிவிட்டார்கள். பணம் போட வருகிறவர்களைவிடக் கடன் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம், இந்தத் தெருவில் கடை விரித்து என்ன பிரயோசனம் என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். கட்டடம் பல வருஷம் புறாக்களிடம் இருந்தது. பெரியவள்தான் பெண்களைத் திரட்டிக்கொண்டு நகராட்சிக்கு நடையாய் நடந்து, அந்தக் கட்டடத்தை வாடகையில்லாமல் வாங்கினாள். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வர ஆரம்பித்தன. இன்று தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கூடத்தால்.

கட்டடம் இன்னும் வங்கி மாதிரிதான் இருக்கும். 'பணம் செலுத்துமிடம்' என்று எழுதிய ஜன்னல் வழியாகத்தான் அழுக்கு மூட்டைகளை உள்ளே தள்ளுவார்கள். மேலாளர் அறையில் சோப்புத்தூள் மூட்டைகள். பின்னால் இருந்த பெட்டக அறைதான் கட்டடத்திலேயே ஈரம் எட்டாத இடம். கனத்த இரும்புக் கதவும் தடித்த சுவரும் கொண்ட அந்த அறையில் வெளுத்து மடித்த விரிப்புகளை அடுக்கி வைப்பார்கள். 'ராத்திரி திருடன் வந்து கஷ்டப்பட்டுக் கதவை உடைச்சா, அவனுக்கு நல்ல தூக்கமாவது கிடைக்கும்' என்பது உருளைக்காரி புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்கிற ஜோக்.

கூடத்தில் எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருந்தது. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஆரம்ப நாட்களில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்திவிட, வேலை முடங்கியது. உருளைக்காரி இருவரையும் ஒரு விரிப்பின் இரு பக்கம் நிறுத்திவிட்டாள். முனை சேர்க்கும்போது முகத்தோடு முகம் வந்துதானே ஆக வேண்டும்? சாயங்காலத்துக்குள் திட்டிக்கொள்ளவாவது வாயைத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து யார் யாரோடு முறைத்துக்கொண்டாலும் அவர்கள்தான் மறுநாள் ஜோடி. ஜோடியைச் சொல்கிற உரிமை உருளைக்காரியுடையது. தலைவியானாலும் தப்ப முடியாது. பெரியவளே பல பேரோடு மடித்திருக்கிறாள்.

சின்னவளோடு மட்டும் ஒருமுறைகூட மடித்ததில்லை. சண்டை போட்டால்தானே?

விஷயம் இதுதான். கட்டடம் வாடகையில்லாமல் கிடைத்ததே இந்தத் தெருவைப் பின்தங்கிய பகுதி என்று நகராட்சி முடிவு செய்ததால்தான். அந்த நிலைமை மாறிவிட்டதா என்று பார்க்க நாளைக் காலையில் ஆட்கள் வருகிறார்கள். தெரு முன்னேறிவிட்டது என்று அவர்கள் கண்ணுக்குப் பட்டால் சலுகை போய்விடும், வாடகை கொடுக்க வேண்டும். கொடுத்தால் கூடத்துக்கு மூச்சு முட்டும்.

போன வாரக் கூட்டத்தில் பெரியவள் எழுந்து நின்று சொன்னாள். "நாம பண்ணின ஒரே தப்பு என்ன தெரியுமா? கொஞ்சம் நல்லா இருந்துட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"வர்றவங்க கூடத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி தெருவைத்தான் பாப்பாங்க. ஒரு காலைப் பொழுதுக்குத் தெரு பழைய தெருவா இருக்கணும். அவ்வளவுதான். யாரும் பொய் சொல்ல வேண்டாம். கண்ணுக்குப் படறதைக் கொஞ்சம் உள்ள எடுத்து வெச்சா போதும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. செருப்புத் தைக்கிறவர் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து பெட்டக அறையில் நிறுத்தினார். இரண்டு வீட்டுத் திரைச்சீலைகள் வந்தன. யாரோ ஒரு மேஜை விசிறியைக் கொண்டுவந்தார்கள்; வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிறதாம். போன வருஷம் கூடத்தின் லாபத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிக் கொடுத்த பூந்தொட்டிகள் ஒவ்வொன்றாக வந்து விரிப்புகளுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்தன. நேற்று அந்தக் கதவைத் திறந்து உள்ளே பார்த்த உருளைக்காரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"பாவம் அந்த வங்கிக்காரன்," என்றாள். "அவசரப்பட்டு மூடிட்டுப் போயிட்டான். இப்போ இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான்!"

சின்னவளும் தன் பூந்தொட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தொட்டியில் அவளுக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்ற மறந்து மறந்து அந்தச் செடியே அவள்மேல் நம்பிக்கை இழந்திருந்தது. பெரியவள் கேட்டது அதோடு நிற்கவில்லை.

சின்னவளின் வீடு தெருவுக்குள் திரும்பும் இடத்தில், கூடத்துக்கு நேர் எதிரே. அதன் ஜன்னல்தான் வருகிறவர் கண்ணில் முதலில் படும். பந்து பட்டுக் கண்ணாடி உடைந்தபோது அதை மாற்ற வழியில்லாமல் ஓர் அட்டையை வைத்து அடைத்தார்கள். யாரோ பணக்காரர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை. 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதி ஓர் அம்புக்குறி போட்டிருக்கும். அளவுக்கு வெட்டும்போது தலைகீழாகிவிட்டது; அம்பு வருஷக்கணக்காகத் தரையையே காட்டிக்கொண்டிருந்தது. கட்டடம் கேட்டு எழுதியபோது நகராட்சியிலிருந்து முதல்முறை வந்தவர்களில் ஓர் அம்மாள் அந்த ஜன்னலருகே நின்று, மழையில் ஊறிய அட்டையை ஒரு விரலால் தொட்டாள். விரல் உள்ளே போய்விட்டது. சட்டென்று எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். உள்ளே நின்ற சின்னவள் அந்த விரலைத்தான் பார்த்தாள். நகத்தில் வெளிர் நிறச் சாயம். தன் வீட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்த அந்த நகம், ஏதோ தன் உடம்பில் பட்டது போல அவள் ஓர் அடி பின்வாங்கினாள்.

அடுத்த மாதமே கட்டடம் கிடைத்தது. 'அந்த அட்டைதான் நமக்குக் கட்டடம் வாங்கிக் குடுத்துச்சு' என்று பெரியவள் பெருமையாகச் சொல்வாள். சின்னவளும் அப்போதெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

கண்ணாடி போட்டது இந்த வருஷம்தான். தெருவிலேயே குடியிருக்கும் கண்ணாடிக்காரர் வந்து சட்டத்தை இழைத்து, பட்டி பூசி, கண்ணாடியைப் பொருத்திவிட்டுப் பெருவிரலால் ஓரத்தை வழித்தார். அவரைத்தான் பெரியவள் நேற்றுக் காலையில் திரும்ப அனுப்பியிருந்தாள், கழற்றச் சொல்லி. அவர் வந்து ஜன்னலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கழட்டலாம்மா. ஆனா முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். என் வேலை அப்படி. போட்டா போட்டதுதான்."

சின்னவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அது அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. பெரியவளே வந்தாள், கையில் அந்தப் பழைய அட்டையோடு. அம்பு, எழுத்து, விரல் போன ஓட்டை, எல்லாம் அப்படியே.

"இதை எங்க வெச்சிருந்தீங்கக்கா?"

"பெட்டக அறையில, மேல் தட்டுல. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்." பெரியவள் அதைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "கண்ணாடியை எடுக்க வேண்டாம். மேல இதை மட்டும் வெச்சுடு. வெளியில இருந்து பாத்தா கண்ணாடி தெரியாம, ரெண்டு ஆணி. ஒரு காலைப் பொழுதுதானே?"

அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டாள். சின்னவள் பேசவில்லை. ஆகவே சரி என்று ஆகிவிட்டது.

எதுக்கும் இருக்கட்டும். அன்று முழுக்க அந்த வார்த்தை சின்னவளை அரித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணாடி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம் இந்த அட்டை எதிர்க் கட்டடத்தில் எனக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அக்கா கெட்டவள் இல்லை. இந்தத் தெருவுக்காகத் தன் தூக்கத்தைத் தொலைத்தவள். மறுபடியும் கையேந்த வேண்டி வரும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம், அந்தப் பயம்தான் அட்டையைப் பத்திரப்படுத்தியது. அந்தப் பயம் எனக்கு இல்லையா என்ன? எனக்கும் உண்டு. அதனால்தான் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

சரி, வைத்துத்தான் பார்ப்போமே என்று நேற்றுச் சாயங்காலம் அட்டையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வைத்து, கயிற்றால் தற்காலிகமாகக் கட்டினாள். உள்ளே வந்தாள். அறை இருண்டுவிட்டது. விளக்கைப் போட்டாள். சுவர் பழைய மஞ்சள் நிறத்துக்குத் திரும்பியது. இருட்டுக்கு அவள் தயாராகத்தான் இருந்தாள், அது பெரிதாகத் தோன்றவில்லை.

கணவன் கூடத்து வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். விரிப்புகளை ஏற்றி இறக்குகிற வேலை அவனுக்கு. வழக்கமாக வாசலிலிருந்தே பேச்சு ஆரம்பித்துவிடும். மருத்துவமனை வாசல் காவலாளி இன்று என்ன சொன்னான், லிஃப்ட் எங்கே மாட்டிக்கொண்டது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டுதான் செருப்பைக் கழற்றுவான். நேற்றும் வாயைத் திறந்துகொண்டே உள்ளே வந்தான். ஜன்னலைப் பார்த்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டான், மெதுவாக.

"ஆகுது," என்றாள் அவளும், மெதுவாக.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

அட்டை காலத்தில் அப்படித்தான். தெருவில் போகிறவன் இருமினால் அறைக்குள் இருமுவது போலக் கேட்கும். உள்ளே பேசினால் வெளியே கேட்கும். அதனால் எல்லாவற்றையும் அடக்கிப் பேசினார்கள். சண்டையைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுப்பாகவே போட்டார்கள். அவனுக்கு வேலை போனதை அவன் அவளிடம் சொன்னதும் அந்தக் குரலில்தான். அவள் அழுததும் அப்படியே, வாயில் துணியை வைத்துக்கொண்டு. மெல்லப் பேசுகிறோம் என்பதே ஒரு கட்டத்தில் அவர்களுக்கு மறந்துபோனது. கண்ணாடி வந்து சில நாட்கள் கழித்து அவன் ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தபோது அவள் பயந்துபோய் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தானும் சிரித்தாள். தன் கணவனுடைய குரல் இவ்வளவு கனமானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

இப்போது அட்டைக்கும் அவர்களுக்கும் நடுவே முழுக் கண்ணாடி இருக்கிறது. ஒரு சத்தம் வெளியே போகாது. அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படியும் குரல் தானாக இறங்கிவிட்டது.

"ஏன் மெல்லப் பேசறீங்க?"

அவன் யோசித்தான். "தெரியல," என்றான். அதையும் மெல்லத்தான் சொன்னான்.

அவள் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

ஆகவே இன்று காலையிலிருந்து அவள் மனதில் முடிவு இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. நாளை அவர்கள் வந்து, ஏதாவது ஆகிவிட்டால்? இந்த உருளைக்காரி, அந்தச் செருப்புத் தைக்கிறவரின் மருமகள், இதோ ஈரத் துணியைக் கொடியில் போடுகிற அத்தனை பேரும் என்னைப் பார்த்து என்ன சொல்வார்கள்? உன் ஒரு ஜன்னலுக்காகவா என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறதா? இல்லை. குரலைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த உறையையும் அவள் ஓங்கி உதறினாள். இந்த முறை உருளைக்காரி விலகிக்கொண்டாள். சின்னவளைப் பார்த்தாள். பிறகு கூடத்தின் மறுகோடியில் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்த பெரியவளைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

"தலைவி! இங்க வாங்க. பெரிய விரிப்பு குவிஞ்சு கிடக்கு. சின்னவளோட நீங்க ஜோடி."

பெரியவள் திரும்பினாள். "நாங்களா? நாங்க என்ன சண்டையா போட்டோம்?"

"அதைத்தான் இத்தனை வருஷமா நானும் பாத்துட்டிருக்கேன். இன்னிக்கு என் மூக்குக்கு வாசனை வருது. சுத்தியலை வெச்சுட்டு வாங்க."

யாரோ சிரித்தார்கள். பெரியவள் சுத்தியலை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். நாளைக்கு உடுத்த வேண்டிய, முழங்கையில் நூல் விட்ட பழைய சட்டையை இன்றே போட்டுக்கொண்டிருந்தாள். ஒத்திகை போலும். காதில் தோடு இல்லை. அவளே இவ்வளவு செய்திருக்கிறாள் என்று பார்த்ததும் சின்னவளுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. இளகினால் தோற்றுவிடுவோம் என்றும் தோன்றியது.

இருவரும் முனைகளைப் பிடித்து விரிப்பை இழுத்தார்கள். துணி படபடவென்று அடித்து இறுகியது.

"அட்டையை வெச்சுட்டு மறுபடியும் எடுத்துட்டியாமே? தம்பி சொல்லிச்சு."

"ஆமாக்கா."

நடந்து வந்தார்கள். முனையோடு முனை சேர்ந்தது. இவ்வளவு கிட்டத்தில் பெரியவளின் முகத்தை அவள் பார்த்ததேயில்லை. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

"ஆணி நானே அடிச்சுத் தர்றேன். அளவான ஆணியைத்தான் தேடிட்டிருந்தேன்," என்றாள் பெரியவள், முனைகளை வாங்கிக்கொண்டு.

சின்னவள் குனிந்து மடிப்பை எடுத்துப் பின்னால் நகர்ந்தாள். மறுபடி இழுத்தார்கள்.

"எல்லாரும் செஞ்சுட்டாங்கடீ. உன் வீடு ஒண்ணுதான் பாக்கி. முதல்ல கண்ணுல படறதே உன் ஜன்னல்தான். உனக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"அப்புறம்? நாளைக்கு இந்தக் கூடம் போச்சுன்னா என் புள்ளைங்க மட்டுமா தெருவுல நிக்கும்?"

மறுபடி கிட்டே வந்தார்கள். சின்னவள் முனைகளைப் பெரியவளின் விரலிடுக்கில் கொடுத்தாள்.

"கேட்டாங்கன்னா, வாடகை குடுக்க நம்மால முடியாதுன்னு நானே வாசல்ல நின்னு சொல்றேன்க்கா. நிஜமாவே முடியாது. அதுக்கு அட்டை எதுக்கு?"

"வாயால சொன்னா யாரு நம்புவா? கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க. நீ அப்போ பாத்தியே, அந்தம்மா விரலை."

"பாத்தேன்," என்றாள் சின்னவள். "நான் உள்ளதான் நின்னேன்."

உருளை சூட்டில் சீறியது. மடித்த விரிப்பு இருவர் கைக்கும் நடுவில் கனமாக இருந்தது. இன்னும் ஒருவரும் விடவில்லை.

"நீ எதுக்குமே மாட்டேன்னு சொன்னதில்லையேடீ," என்றாள் பெரியவள். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

"நீங்க கேட்டதில்லையேக்கா. சொல்லிட்டுப் போயிடுவீங்க."

பெரியவள் அவள் முகத்தையே பார்த்தாள். கொடியருகே நின்றவர்களின் கைகளும் மெதுவாகிவிட்டன.

"சரி. இப்போ கேக்கறேன்," என்றாள். "ஒரே ஒரு காலைப் பொழுது. எனக்காக. வைக்கிறியா?"

சின்னவள் விரிப்பை அவளிடமே விட்டுவிட்டு, குவியலிலிருந்து அடுத்ததை எடுத்தாள். இரண்டு முனைகளைத் தேடிப் பிரித்துப் பெரியவளை நோக்கி நீட்டினாள்.

"இல்லக்கா," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற சாதாரணக் குரலில். "வைக்க மாட்டேன்."